கடும் நோயுற்ற குழந்தைகளும் மருத்துவரின் கடமையும்: தலைமை உரை

இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டுள்ள தணிப்பு மருத்துவம் என்பது, நோயை வேரறுக்க இயலுமா இயலாதா என்ற கேள்விக்குக் காத்திராமல், நோயாளி படும் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றைக் குறைத்து, உடன் துன்புறும் குடும்பத்தையும் தாங்கும் பிரிவாகும். குழந்தைகளுக்கு அது நோய் கண்டறியப்பட்டபோதே தொடங்கி, நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நின்றாலும் தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. நடைமுறையிலோ, கீமோதெரபி பலனளிக்காத பிறகு, 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற சொல்லோடு வேறொரு பிரிவின் கையில் ஒப்படைக்கப்படும் கடைசிக் கட்டமாகவே அது பெரும்பாலும் கருதப்படுகிறது. நோய்க்கு மருந்து தரும் மருத்துவரே தணிப்பையும் தொடங்க வேண்டியவர் என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு.

பாஸ்டன் நகரில் ஜோன் வுல்ஃப் குழுவினர் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் பெற்றோரையும் மருத்துவர்களையும் ஒப்பிட்டது. குணமாகும் வாய்ப்பில்லை என்பதை மருத்துவர்கள் இறப்புக்குச் சராசரியாக 206 நாள் முன்பே உணர்ந்திருந்தார்கள். பெற்றோர் உணர்ந்தபோது 106 நாளே எஞ்சியிருந்தது. இடைப்பட்ட அந்த நூறு நாளில், உண்மை அறிந்தவர் ஒருவராகவும் முடிவெடுப்பவர் வேறொருவராகவும் இருக்க நேர்கிறது. இன்னொரு சுற்று மருந்துக்காக நகை அடகுக்குப் போவதும், வீட்டுக்குப் போக விரும்பும் குழந்தை வார்டிலேயே கிடப்பதும் இத்தகைய இடைவெளியில்தான். இரு தரப்பும் முன்கூட்டியே உணர்ந்திருந்த குடும்பங்களில், வீட்டில் கிடைத்த பராமரிப்பைப் பெற்றோர் மேலானதாக மதிப்பிட்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. மருத்துவரின் மௌனம் இரக்கத்தில் பிறந்ததாக இருக்கலாம்; ஆனால் அதன் விலையை மருத்துவர் கொடுப்பதில்லை.

பெற்றோரிடம் பேசுவதைவிடக் குழந்தையிடம் பேசுவது கடினமானது. இருப்பினும், லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளோடு பழகி ஆராய்ந்த மைரா புளூபாண்ட்-லாங்னர், யாரும் சொல்லாமலேயே அவர்கள் தம் நிலையை அறிந்திருந்ததையும், பெரியவர்கள் வருந்துவார்கள் என்று அறியாததுபோல் நடந்துகொண்டதையும் 1978இல் பதிவு செய்தார். சுவீடனில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், இறக்கும் தறுவாயிலிருந்த தம் குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை; பேசாதவர்களில் 27 விழுக்காட்டினர் வருந்தினார்கள்.

வலியைப் பொறுத்தவரை அறிவுக்குக் குறையில்லை. 2012ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, லேசான வலிக்குப் பாராசிட்டமால் அல்லது ஐபுபுரோஃபென், மிதமான வலிக்கும் கடும் வலிக்கும் மார்ஃபின் என்று இரண்டே படிகளை வகுத்தது. கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறும் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதால், முன்பு இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த கோடீன் படி கைவிடப்பட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினுக்கு விதித்த தடைகளை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிதும் தளர்த்தியது. எஞ்சியிருக்கும் தடைகளில் ஒன்று மருத்துவரின் தயக்கம்: மார்ஃபின் கொடுத்தால் குழந்தை அடிமையாகிவிடும் என்ற அச்சம், முறையான அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது பொருந்துவதில்லை. அசையாமல் படுத்திருக்கும் குழந்தைக்கு வலியில்லை என்று கொள்வதும் தவறு. கடும் வலியே அதை அசையவிடாமல் செய்திருக்கலாம், அல்லது ஊசிக்குப் பயந்து வலியை மறைத்திருக்கலாம். வாய்வழி மருந்தை, வலி வந்தபின் அல்லாமல் நேரம் தவறாமல் கொடுப்பது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது. பேச்சு வராத வயதினருக்கு முகம், கால்கள், அசைவு, அழுகை, ஆறுதலுக்கு இணங்கும் தன்மை ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடும் முறை இருக்கிறது. காய்ச்சலைக் குறிக்கும் அட்டவணையிலேயே இதற்கும் ஒரு வரிசை ஒதுக்கினால் போதும்.

முற்பகல் அமர்வு வலி மதிப்பீட்டையும், பிற்பகல் அமர்வு பெற்றோருடனான உரையாடலையும் விவாதிக்கின்றன. நோய் கண்டறியப்படும் முதல் நாளில் எவ்வளவு சொல்வது, அதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது, அடுத்த பணிமுறையில் வரும் மருத்துவர் அறியும்படி அதை எங்கே எழுதிவைப்பது ஆகிய மூன்றையும் பிற்பகல் அமர்வு முடிவு செய்து தரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.