விழுந்த பல்லுக்கு ஒரு வேர்



நம் சந்திரகிரிப் பக்கம் வேர்க்கடலை விளையும் பூமி. வறுத்த கடலையை ஒரு பிடி வாயில் போட யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் பல் போனவர்கள் கடலையை இடித்துத்தான் தின்கிறார்கள். களி என்றால் விழுங்கி விடலாம். கடலையை என்ன செய்வது?

பல் விழுந்தால் ஓர் இடம் காலி, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பக்கத்துப் பல் அந்த இடத்தை நோக்கிச் சாயும். எதிர்ப் பல் நீண்டு வரும். பல்லைத் தாங்கிய தாடை எலும்பும் வேலை இல்லாமல் கரையும். வயதானவர்களுக்குக் கன்னம் ஒட்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்செட் நமக்குத் தெரியும். கழற்றி மாட்டலாம், செலவு குறைவு. எலும்பு கரையக் கரைய அது தளரும். பாலம் என்று இன்னொன்று உண்டு. இரு பக்கப் பற்களையும் ராவி, உறை போட்டு, நடுவில் செயற்கைப் பல்லை நிறுத்துவார்கள். நல்ல பல்லை ராவ வேண்டுமே, அதுதான் குறை. மூன்றாவது வழிக்கு இம்பிளான்ட் என்று பெயர். தாடை எலும்பிலேயே ஒரு செயற்கை வேரை நடுவது.

அந்த வேர் ஒரு சின்னத் திருகாணி. டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு. அந்த மணலில் கூட டைட்டானியம் கலந்திருக்கிறது.

இது பல்லுக்கு வந்த கதை வேடிக்கையானது. சுவீடன் நாட்டில் பிரோனெமார்க் என்று ஒரு மருத்துவர். 1950களில் அவர் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து, இரத்த ஓட்டத்தைக் கவனித்தார். வேலை முடிந்ததும் கருவியை எடுக்கப் போனார். வரவில்லை! எலும்பு அதை இறுகப் பிடித்துக் கொண்டது. எலும்பு பிடிக்கும் என்றால் பல்லையும் நடலாமே என்று யோசித்தார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் நட்டார். லார்சன் 2006இல் இறந்தார். நாற்பது ஆண்டுகள் அந்த வேர்கள் உழைத்தன.

எப்படி நடுகிறார்கள்? முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு போதுமா என்று பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஈறைத் திறந்து, எலும்பில் துளையிட்டு, திருகாணியை இறக்குவார்கள். பிறகு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நாற்று வேர் பிடிப்பது போலத்தான். எலும்பு பிடித்த பின் மேலே பல் பொருத்துவார்கள்.

எல்லாருக்கும் இது ஒத்து வராது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேர் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நட்ட பல் சொத்தையாகாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்து எலும்பு கரையலாம். தினமும் துலக்கத்தான் வேண்டும்.

செலவை மறைத்துப் பேசக் கூடாது. தனியார் மருத்துவரிடம் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். திருகாணிக்கு மட்டும் ஒரு விலை, மேல் பல்லுக்கு வேறு விலை என்று பின்னால் சொல்லும் இடங்களும் உண்டு. ஆகவே மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். இப்போதுதான் நமக்குப் படிக்கத் தெரியுமே! திருகாணியின் கம்பெனி பெயரையும் எழுதி வாங்கி வையுங்கள். பின்னால் பழுது பார்க்க உதவும். பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணம் குறைவு. திருப்பதியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் திருவிழாவில் ரோட்டோரம் பல் கட்டிக் கொண்டார். பக்கத்துப் பற்களோடு கம்பி சுற்றி, பசை போட்டு ஒட்டி விட்டார்கள். மலிவு, அரை மணி வேலை. அடியில் சோறு சேர்ந்தது, ஈறு வீங்கியது. கடைசியில் பக்கத்தில் இருந்த இரண்டு நல்ல பற்களையும் பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு பி.டி.எஸ். படித்த மருத்துவரிடம் போனார். சர்க்கரை அதிகம், இப்போது இம்பிளான்ட் வேண்டாம் என்று அவர் சொல்லி விட்டார். பல்செட் வைத்துக் கொண்டார். இப்போது கடலை தின்கிறார், கொஞ்சம் மெதுவாக.