வயலை வித்துடலாமா? ஒரு பிள்ளைகள் இல்லத்தின் அரிசிக் கணக்கு

நான் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்துல இருந்து பேசுறேன். இங்க நாங்க ஒரு சின்ன கிறிஸ்தவ பிள்ளைகள் இல்லம் நடத்துறோம். பிள்ளைகளும் பணியாளர்களுமா இப்போ 30 பேர் சாப்பிடுறோம். இல்லத்துக்குன்னு மூணு ஏக்கர் நெல் வயல் இருக்கு, மேட்டுல ஒரு ஏக்கர் மானாவாரி நிலமும் இருக்கு.

இல்லம் நடத்துறதைப் பத்திப் பேசச் சொன்னா, பெரும்பாலும் சாட்சி சொல்லுவோம். அரிசி தீர்ந்துபோச்சு, ஜெபம் பண்ணோம், வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு அப்படின்னு. அப்படி நடந்ததும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்கு நான் கணக்கைப் பத்திப் பேசப் போறேன். ஜார்ஜ் முல்லர் பேரைச் சொல்லாத இல்லம் நம்ம ஊர்ல கிடையாது. பிரிஸ்டல் நகரத்துல 1836-ல் அவர் இல்லம் ஆரம்பிச்சார், யார்கிட்டயும் பணம் கேட்டதில்லைன்னு நாம எல்லாரும் சொல்லுவோம். அதே முல்லர் வந்த காணிக்கைக்கு ரசீது கொடுத்தார், வருஷா வருஷம் வரவு செலவை அச்சடிச்சு வெளியிட்டார். அந்தப் பகுதியை நாம அவ்வளவா சொல்றதில்லை.

பணம் எப்படிக் குறைஞ்சது

எங்களுக்கு வெளிநாட்டு உதவி நேரடியா வந்ததில்லை. ஒரு பெரிய அமைப்பு வாங்கி, எங்களை மாதிரி சின்ன இல்லங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். 2020 செப்டம்பர்ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினாங்க. வெளிநாட்டுப் பணம் வாங்குற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 ஆச்சு. எல்லாரும் புது டெல்லியில இருக்குற ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையிலதான் கணக்கு தொடங்கணும். சட்டம் சரியா தப்பான்னு நான் இங்க பேச வரலை. எங்களுக்கு வந்துக்கிட்டிருந்த வாய்க்கால் அடைபட்டுச்சு, அவ்வளவுதான்.

அதே வருஷம் கொரோனா. ஓசூர், பெங்களூர் போய் வேலை செஞ்சு மாசம் ஐந்நூறு, ஆயிரம்னு அனுப்பிக்கிட்டிருந்தவங்களே வேலை இல்லாம ஊர் திரும்பிட்டாங்க. அவங்ககிட்ட போய் எப்படிக் கேக்குறது? அந்தச் சமயத்துலதான் கமிட்டியில முதல் முறையா அந்தப் பேச்சு வந்துச்சு: "வயலை வித்துடலாமே."

வயல் எவ்வளவு தருது

முதல்ல வயல் என்ன தருதுன்னு பாத்துடலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 350 கிராம் அரிசி. 30 பேருக்கு பத்தரை கிலோ. வருஷத்துக்கு ஏறத்தாழ 3,800 கிலோ. நூறு கிலோ நெல்லை அரைச்சா சுமார் 67 கிலோ அரிசி. அப்போ எங்களுக்கு 57 குவிண்டால் நெல் வேணும், அதாவது 75 கிலோ மூட்டையில 76 மூட்டை. ஏக்கருக்கு 25, 26 மூட்டை எடுத்தா, மூணு ஏக்கர்ல ஒரு போகம் போதும். நாங்க கோ 51 போடுறோம். 105 முதல் 110 நாள்ல அறுவடைக்கு வந்துடும். தண்ணி நிச்சயமில்லாத ஊர்ல குறைஞ்ச நாள் பயிர்தான் நல்லது.

இப்போ இந்த 57 குவிண்டாலை வித்தா என்ன, சாப்பிட்டா என்னன்னு பாருங்க. 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டுக் கொள்முதல் விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். வித்தா 1 லட்சத்து 45 ஆயிரம் வரும். உழவு, நாத்து, நடவு, களை, உரம், அறுவடை மெஷின் எல்லாம் சேத்து ஏக்கருக்கு 28 ஆயிரம்னு வெச்சா, செலவு 84 ஆயிரம். மிச்சம் 61 ஆயிரம். அதே நெல்லை அரைச்சு நாங்களே சாப்பிட்டா? கடையில 3,800 கிலோ அரிசி, கிலோ 50 ரூபாய்னு வெச்சாலும் 1 லட்சத்து 90 ஆயிரம். சாகுபடிச் செலவு 84 ஆயிரம், ரைஸ் மில் கூலி, வண்டி வாடகை 12 ஆயிரம் போக, 94 ஆயிரம் மிச்சம். தவிடும் நொய்யும் மாட்டுக்கும் கோழிக்கும் போகும்.

அதனால எங்க முதல் விதி: வருஷத்துச் சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் ஒதுக்காம ஒரு மூட்டைகூட விக்கிறதில்லை. பணமுடை எவ்வளவு இருந்தாலும் சரி.

இனி கசப்பான பகுதி. ஒரு பிள்ளைக்குப் படிப்பு, துணி, மருந்து, மின்சாரம், பணியாளர் சம்பளம் எல்லாம் சேத்து மாசம் ஐயாயிரம்னா, 30 பேருக்கு வருஷம் 18 லட்சம். அதுல வயல் தாங்குறது 94 ஆயிரம். நூத்துக்கு அஞ்சு! "சொந்த வயல் இருக்கு, உங்களுக்கென்ன குறை"ன்னு கேக்குறவங்களுக்கு இதைத்தான் சொல்றேன். வயல் இல்லத்தைத் தாங்காது.

அப்போ வித்துடலாமே?

கமிட்டியில இருந்த ஒரு பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஓசூர் பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக இந்தப் பக்கமும் மனை போடுறாங்க. ஏக்கர் 30 லட்சத்துக்கு ஆள் வந்துச்சு. மூணு ஏக்கர் 90 லட்சம். பாங்க்ல போட்டா 6 சதவீதத்துல வருஷம் 5 லட்சத்து 40 ஆயிரம். "தம்பி, 94 ஆயிரம் பெருசா, அஞ்சரை லட்சம் பெருசா?"ன்னு கேட்டார்.

"அய்யா, கணக்குப்படி நீங்க சொல்றது சரிதான்"னு சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, 18 லட்சம் செலவுல எதெல்லாம் தள்ளிப் போட முடியும்? சுவருக்கு வெள்ளை அடிக்கிறதைத் தள்ளலாம். கூரை ரிப்பேரை ஒரு மழை தள்ளலாம். ஸ்கூல் ஃபீஸுக்குத் தவணை கேக்கலாம். பணியாளர்கள் ரெண்டு மாசம் பொறுத்துக்கிட்டதும் உண்டு. உலையை மட்டும் தள்ளிப் போட முடியாது. வருஷத்து அரிசி குதிர்ல இருந்தா, பணம் நின்னுபோன அன்னைக்கும் எனக்கு ஆறு மாசம், எட்டு மாசம் அவகாசம் இருக்கு. வேற ஆட்களைத் தேடலாம், மனு எழுதலாம். அரிசி இல்லைன்னா அடுத்த வாரமே பிள்ளைகளைக் குறைக்கிற பேச்சு வந்துடும்.

ரெண்டு, பாங்க்ல இருக்குற 90 லட்சம் வட்டியோட நிக்காது. நெருக்கடி வந்தா ஒரே மத்தியானத்துல டெபாசிட்டை உடைச்சுடலாம். முதல் கஷ்ட வருஷத்துல பத்து லட்சம், அடுத்ததுல பதினஞ்சு. வயலை அப்படிச் சுரண்ட முடியாது. அந்தச் சிரமம்தான் அதுக்குப் பாதுகாப்பு.

கேட்காவ்ல நடந்தது

இந்தக் கேள்வி நமக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்திருக்கு. பண்டித ரமாபாய். 1889-ல் பம்பாயில விதவைப் பெண்களுக்காக சாரதா சதன் தொடங்கினாங்க, அடுத்த வருஷம் புனேவுக்கு மாத்தினாங்க. அமெரிக்காவுல ஒரு சங்கம் பத்து வருஷத்துக்கு உதவி செய்றதா உறுதி கொடுத்திருந்தாங்க. பத்து வருஷம் முடிஞ்சா என்ன பண்றதுன்னு, பணம் வந்துக்கிட்டிருக்கும்போதே ரமாபாய் யோசிச்சாங்க. புனேக்குக் கிழக்கே, ரயில் பாதை ஓரமா கேட்காவ்ல சுமார் நூறு ஏக்கர் வாங்கி, கிணறு வெட்டி, பழமரம் வெச்சாங்க.

1896-97 பஞ்சம் வந்துச்சு. மத்திய மாகாணத்துல இருந்து சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிட்டு வந்தாங்க. புனேவுல பிளேக். அங்க இத்தனை பேரை வெச்சுக்க முடியலை. கட்டடம்கூட சரியா இல்லாத அந்த நிலத்துலதான் கொட்டகை போட்டுத் தங்க வெச்சாங்க. முக்தி மிஷன் அப்படித்தான் வளர்ந்துச்சு. பழத்தோட்ட வருமானத்துக்காக வாங்கின இடம், மரம் காய்க்கிறதுக்கு முன்னாடியே உயிரைக் காப்பாத்துற இடம் ஆயிடுச்சு.

கூடவே இதையும் சொல்லணும். கேட்காவும் நிலத்தை மட்டும் வெச்சு நடக்கலை. 1898-ல் ரமாபாய் மறுபடியும் அமெரிக்கா போய் உதவி திரட்டினாங்க. நெசவு, அச்சகம், பால் பண்ணைன்னு பல தொழில் வந்துச்சு. நன்கொடையும் தேவைப்பட்டுச்சு.

நம்ம ஊருக்கும் அந்த மாதிரி ஞாபகம் உண்டு. தருமபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல இருந்துச்சு. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாடி, 1871-ல் சேலம் மாவட்ட மக்கள் தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பஞ்சம் முடிஞ்சு 1881-ல் எண்ணினப்போ 16 லட்சம்.

தண்ணி இல்லாத வருஷம்

பஞ்சப்பள்ளி சின்னாறு அணையில தண்ணி திறந்தா நெல். திறக்கலைன்னா கிணத்துத் தண்ணியை வெச்சு ஒரு ஏக்கர் நெல், மத்த இடத்துல ராகி. நெல்லுதான் கவுரவம்னு நினைக்கக் கூடாது, இது களி சாப்பிட்டு வளர்ந்த பூமி. 2025-26-க்கு ராகி ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். தருமபுரியில அரசே ராகி கொள்முதல் பண்ணி, 2023-ல் இருந்து ரேஷன்லயும் கொடுக்குது. வாரம் மூணு நாள் களி போட்டா அரிசி இன்னும் நாலு மாசம் நீளும். தக்காளியில ஒரே போகத்துல லட்சம் பாக்கலாம்னு சொல்லுவாங்க. பாலக்கோடு மார்க்கெட்ல விலை விழுந்தா பறிகூலிக்கே கட்டாது. பிள்ளைகள் சாப்பாட்டை அந்தச் சூதாட்டத்துல வெக்க எனக்கு மனசில்லை.

இன்னொரு விஷயம். வயல் இருக்குற இல்லத்துல கூலியை மிச்சம் பண்ண பிள்ளைகளை இறக்குற பழக்கம் சில இடங்கள்ல இருந்திருக்கு. எங்க வயல்ல நடவும் களையும் கூலி கொடுத்துதான். பிள்ளைங்க வரப்புல நடக்கலாம், பாத்துக் கத்துக்கலாம். பள்ளிக்கூட நாள்ல வயல்ல நிக்கக் கூடாது. 84 ஆயிரம் செலவு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

யாரை அனுப்புறது?

பணம் குறையும்போது இந்தக் கேள்வி வராம இருக்காது. தாயோ பாட்டியோ இருக்குற பிள்ளை, வீட்ல வளர வழி இருந்தா, வீட்லதான் வளரணும். மிஷன் வாத்சல்யா திட்டத்துல தகுதியுள்ள குடும்பத்துல ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அதுக்கு விண்ணப்பம் எழுத நாங்களே துணைக்குப் போறோம். முடிவெடுக்கிறது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, நாங்க இல்லை. ஆனா குடும்பம் தயாராகி ஒரு பிள்ளை போறது வேற, எங்க பானை காலியாகி ஒரு பிள்ளை போறது வேற. பாட்டி வீட்ல கூரை இருக்கா, பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கா, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கான்னு பாக்க மாசக்கணக்கா ஆகும். அந்த மாசங்களை எங்களுக்குக் கொடுக்கிறது குதிர்ல இருக்குற நெல்லு. வயலை விக்க வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

கமிட்டி இன்னும் ஒரே மனசா இல்லை. வருஷா வருஷம் அந்தப் பேச்சு வருது, வரட்டும். கணக்கை மேஜையில வெச்சு ஒவ்வொரு வருஷமும் பேசுறதுல தப்பில்லை.

கேக்குறவங்க உதவி செய்ய நினைச்சா ஒண்ணு சொல்றேன். பிறந்தநாளுக்குப் பிரியாணி கொடுக்கிறீங்க, சந்தோஷம். டிசம்பர்ல ஒரே வாரத்துல மூணு விருந்து வந்துடும். ஜூன்ல நோட்டு, செருப்பு, ஃபீஸ் எல்லாம் ஒண்ணா வரும்போது யாரும் இருக்க மாட்டாங்க. அந்தப் பணத்தைப் பன்னண்டாப் பிரிச்சு மாசா மாசம் உங்க ஊர்ல இருக்குற ஒரு இல்லத்துக்குக் கொடுங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவாகியிருக்கான்னு கேளுங்க, வரவு செலவைக் காட்டச் சொல்லுங்க. கேட்டா நாங்க வருத்தப்பட மாட்டோம்.