மீதி ஒன்று



எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்கள் என்றார் வள்ளுவர். நாமோ அவ்விரு கண்களுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டோம். தமிழிற் கெட்டிக்காரியான பிள்ளை கணிதத்துக்கு அஞ்சுகிறாள். கணிதத்தில் நூறு புள்ளி பெறும் பிள்ளை வெண்பாவைக் கண்டதும் விலகி ஓடுகிறான். இந்தச் சுவர் வேண்டியதுதானா? ஒரு சிறு கணக்கை வைத்துச் சிந்திப்போம்.

அண்மையில் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி அப்பியாசக் கொப்பியோடு வந்தாள். "மாமா, எனக்குக் கணக்கு வராது" என்பதே அவளுடைய முதல் வார்த்தை. பதினொரு வயதிலே தன்னைப் பற்றி இப்படியொரு தீர்ப்பு! வீட்டுவேலையாகக் கொடுக்கப்பட்ட கணக்கு இதுதான்: ஒரு கூடையிலே தேசிக்காய்கள் இருக்கின்றன. அவற்றை இரண்டிரண்டாக எண்ணினால் ஒன்று மீதி. மும்மூன்றாக, நந்நான்காக, ஐயைந்தாக, ஆறாறாக எண்ணினாலும் ஒன்றே மீதி. ஏழேழாக எண்ணினால் மீதியில்லை. கூடையில் ஆகக் குறைந்தது எத்தனை காய்கள்?

விடையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவள் கொண்டுவந்த தீர்ப்பு அதனால் மாறாது. ஆகவே, "கணக்கைச் செய்யாதே, முதலில் ஒரு பாட்டைப் போல வாசி" என்றேன். பாட்டிலே திரும்பத் திரும்ப வரும் சொல்லைத்தான் நாம் முதலிற் கவனிப்போம். இங்கே திரும்பத் திரும்ப வருவது எது? "ஒன்று மீதி" என்றாள். "அந்த ஒன்றை எடுத்து அப்பால் வைத்துவிட்டால்?" சற்று யோசித்தாள். "அப்ப எல்லாத்தாலையும் சரியாப் பிரியும்!"

முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. இனி, சொற்சுருக்கம் பார்க்கவேண்டும். நான்காற் பிரிபடுவது இரண்டாலும் பிரிபடும். ஆறாற் பிரிபடுவது மூன்றாலும் பிரிபடும். எனவே நான்கு, ஐந்து, ஆறு என்பனவே போதும். இவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 60. எடுத்துவைத்த ஒன்றையும் சேர்த்தால் 61. அதனை ஏழாற் பிரித்தால் 5 மீதி. 121க்கு 2 மீதி; 181க்கு 6; 241க்கு 3. அடுத்தது 301. ஏழு நாற்பத்து மூன்று முந்நூற்றொன்று, மீதியில்லை. அதுவே விடை.

இதற்குப் பின்னர் அவள் கேட்ட கேள்விதான் என்னை மகிழ்வித்தது. "வேறை விடை இல்லையோ, மாமா?" உண்டு. 301உடன் 420ஐக் கூட்டினால் 721. அதுவும் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும். அப்படியே முடிவின்றிச் செல்லலாம். அந்த முடிவில்லா வரிசையை ஒரே விடையில் நிறுத்துவது "ஆகக் குறைந்தது" என்ற தொடர். அதனை வாசியாது விட்டவர் கணக்கையே வாசிக்கவில்லை.

இப்புதிர் நேற்றுப் பிறந்ததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதனை ஆராய்ந்தார். இரண்டு முதல் ஆறு வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 721 வருவது அவர் காட்டிய வழி. 1202இல் இத்தாலியரான பிபனாச்சி எழுதிய கணித நூலிலும் இப்புதிர் இடம்பெற்றது. நம்மவர்க்கும் இச்சுவை புதிதன்று. பிசி எனப்படும் விடுகதையைத் தொல்காப்பியர் யாப்பின் வகை ஏழனுள் ஒன்றாக வைத்தார். காரிநாயனாரின் கணக்கதிகாரமோ கணக்கைச் செய்யுளிலேயே சொன்னது. எண்ணும் எழுத்தும் அங்கே ஒரே ஓலையில் வாழ்ந்தன.

பெற்றோரே, பிள்ளையின் கொப்பியில் விடையை எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். கணக்கை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் திரும்ப வருகிறது, எந்தச் சொல் எல்லை கட்டுகிறது என்று கேளுங்கள். கணக்கு வராது என்று சொல்லும் பிள்ளைகளிற் பலருக்கு வராதது கணக்கன்று, நிதானமான வாசிப்பே. அதனை அருகிலிருந்து பழக்குவதற்குக் கணித ஆசிரியர்தான் வேண்டுமென்பதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அது இயலும்.