மூவர் இருவரானார், இருவர் ஒருவரானார்!
(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யந்திரம் தொழிலாளிக்குப் பகையா? இந்தக் கேள்விக்கு ஒரு ரயில் வண்டியின் கதையிலிருந்து பதில் தேடுவோம்.

பிரிட்டிஷ் ரயில்வே 1948-ல் தேசவுடைமையாயிற்று. நீராவி இஞ்சினை ஒழித்து, டீசலையும் மின்சாரத்தையும் புகுத்த 1955-ல் ஒரு திட்டம் வந்தது. அதன்படி 1959-ல் டெர்பி ரயில்வே தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நான்கு பெட்டிகள் கொண்ட 30 டீசல் வண்டிகளைக் கட்டி முடித்தார்கள். 127-ம் வகுப்பு என்று பின்னாளில் இவற்றுக்குப் பெயர். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனிலிருந்து பெட்போர்டு வரை சுமார் 50 மைல், காலையில் வேலைக்குப் போவோரையும் மாலையில் வீடு திரும்புவோரையும் இவை சுமந்தன.

இழுத்துச் செல்லத் தனி இஞ்சின் கிடையாது. இரு முனைப் பெட்டிகளின் தரைக்கு அடியில், பெட்டிக்கு இரண்டு வீதம், 238 குதிரைசக்தி ரோல்ஸ்-ராய்ஸ் இஞ்சின்கள். இஞ்சினின் சக்தியை எண்ணெயே சக்கரத்துக்குக் கடத்தியது. இரு முனையிலும் டிரைவர் அறை உண்டு. எனவே கடைசி ஸ்டேஷனில் இஞ்சினைக் கழற்றி மாற்றும் வேலை இல்லை. விடியுமுன் நெருப்பு மூட்டுவதும் இல்லை.

நல்ல யந்திரந்தான். பயர்மேனின் முதுகை ஒடித்த கரி அள்ளும் வேலை ஒழிந்தது. ஆனால் கரியோடு பயர்மேனும் போனார்! டிரைவர், பயர்மேன், கார்டு என்று நீராவி வண்டியில் மூவர். டீசல் வண்டியில் இருவர்.

கார்டு எதற்கு?

இந்த வண்டியில் ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் ஒரு கதவு. கையால் அடித்துச் சாத்த வேண்டும். எல்லாம் சாத்தியாயிற்றா என்று பார்த்து, மணியடித்து டிரைவருக்கு உத்தரவு கொடுப்பவர் கார்டு. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் சிவப்பு விளக்குடன் பின்னால் நடந்து, தண்டவாளத்தில் வெடி வைத்து, அடுத்த வண்டியை நிறுத்தவேண்டியவரும் அவரே.

பிறகு பாதைக்கு மின்சாரம் வந்தது. 1981-82-ல் 48 புதிய மின்சார வண்டிகள் தயாராயின. கதவுகள் தாமே மூடும். கட்டுப்பாட்டு அறையுடன் பேச டிரைவருக்கு ரேடியோ உண்டு. "இனி கார்டு வேண்டாம்" என்றது நிர்வாகம். "பயணியின் பாதுகாப்பு என்னாவது? எங்கள் வேலை என்னாவது?" என்று கேட்டன தொழிற்சங்கங்கள். தகராறு நீடித்தது. புத்தம் புதிய வண்டிகள் ஓடாமல் நின்றன. பழைய டீசல் வண்டியே தொடர்ந்து ஓடியது. 1983-ல் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது, கார்டு இல்லாமல்! இன்றும் அந்தப் பாதையில் டிரைவர் ஒருவரே. டீசல் பெட்டிகளில் சில 1985-ல் பார்சல் வண்டிகளாக மாற்றப்பட்டன. அவையும் பின்னர் ஓய்ந்தன.

பாடம் என்ன?

தோழர்களே, டீசல் வண்டியையோ மின்சார வண்டியையோ உடைக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்கள் சொல்லவில்லை. மிச்சமாகும் உழைப்பு யாருக்குச் சேர வேண்டும் என்றே கேட்டார்கள். வேலை நேரம் குறையலாம், ஓய்வு கூடலாம், பயணிக்குத் துணையாக ஒரு மனிதர் வண்டியில் இருக்கலாம். அல்லது சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்படலாம். இதை முடிவு செய்வது யந்திரமல்ல, மனிதர்கள். ரயில்வே தேசத்தின் உடைமையாக இருந்தபோதே அந்த முடிவு தொழிலாளியின் கைக்கு வரவில்லை என்பதை மறக்கலாகாது.

ஆகவே புதிய யந்திரம் வரும்போது, அது எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதனால் மிச்சமாவது யார் பைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். வண்டி வந்து நின்ற பிறகல்ல, அதற்கு முன்பே, ஒன்றுபட்டுக் கேளுங்கள்!