ஜூலு மக்களின் குலமுறையும் நமது கடமையும்
(துடியலூரில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலமுறையின் சிறப்பைக் கூறுமாறு எம்மைப் பணித்தீர்கள். தம் வழக்கத்தின் தகுதியை அறிய விரும்புவோர் பிறர் வழக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஆதலின், தென்னாப்பிரிக்காவில் வாழும் ஜூலு மக்களைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

அவர்கள் தமிழர்க்கு முற்றும் அயலார் அல்லர். நேட்டாலில் கரும்பு பயிரிட்ட வெள்ளையர், ஜூலு மொழி பேசும் மக்களையே முதலிற் கூலிக்கு அழைத்தனர். நிலமும் மாடும் உடைய அவர்கள், பிறர் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காக அடங்கி உழைக்க இசையவில்லை. அதன் பயனாகவே நம்மவர் கடல் கடந்தனர். சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது.

ஜூலு என்னும் சொல்லுக்கு வானம் என்பது பொருள். பல குலங்களாகச் சிதறியிருந்தோரை ஓர் அரசின் கீழ்த் திரட்டியவன் சாக்கா மன்னன். அவன் ஆண்டது 1816 முதல் 1828 வரை. 1879 ஜனவரி 22-இல் இசாண்டில்வானா என்னுமிடத்தில் ஆங்கிலப் படையைப் பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும் கொண்டே ஜூலு வீரர் முறியடித்தனர். எனினும் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் உலுண்டியில் தோல்வியுற்றனர். அரசு பதின்மூன்று கூறாக்கப்பட்டது. பின்னர் நிலம் சுருங்கிற்று, குடிசைவரி வந்தது, கூலிக்குச் செல்லாதிருந்தோரும் செல்ல நேர்ந்தது.

அரசு போயினும் குலமுறை போகவில்லை. ஒரே குலப்பெயர் உடையோர் தம்முள் மணஞ்செய்துகொள்ளார். நம்மில் ஒரே கூட்டத்தார் பங்காளிகளாதல் போன்றதே இது. அவர்கள் ஊரின் நடுவே மாட்டுப்பட்டி. அதனைச் சூழக் குடிசைகள். நாம் காங்கேயம் மாடுகளை மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறத்தால் அழைப்பது போல, அவர்களும் நிறத்திற்கொரு பெயர் வைத்துள்ளனர். வானம்பாடியின் முட்டை என்பது அவற்றுள் ஒன்று.

இனி நாம் ஊன்றி நோக்கத்தக்கது அவர்களது மணமுறை. மணமகன் வீட்டாரே பெண்வீட்டாருக்கு மாடுகள் அளிப்பர். இதற்கு லொபோலா என்பது பெயர். 1869-இல் நேட்டால் அரசு, பொதுமக்களுக்குப் பத்து மாடுகள் என்று இதற்கு அளவு வகுத்தது. இவையன்றித் தாய்க்கென்றே தனியாக ஒரு மாடு உண்டு. மகளை வளர்த்தவளின் உழைப்புக்கு அது வணக்கம். இதனை விலையென்று இகழ்ந்த பாதிரிமாரும் உளர். இரு குடிகளைப் பிணைக்கும் உறவென்றே அம்மக்கள் கொள்கின்றனர். இன்று மாட்டுக்கு ஈடாகப் பணம் கேட்கப்படுகிறது. அது இளைஞருக்குச் சுமையாகிவிட்டதென்னும் முறையீடும் அங்கே உண்டு. எந்த நல்வழக்கமும் பேராசை புகுந்தால் கெடும் என்பதற்கு இதுவும் சான்று.

நம் நிலை யாது? பரிசம் போடுதல் என்பது மணமகன் வீட்டார் பெண்ணுக்குச் செய்த மரியாதை. அச்சொல் இன்னும் நம் வாயில் வழங்குகிறது, செயலோ தலைகீழாயிற்று. பவுன் இத்தனை, வாகனம் இன்னது என்று பெண்ணைப் பெற்றவரிடமே கேட்கின்றோம். வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. சட்டம் வந்தும் கேட்கும் வாய் மூடவில்லை. மகளுக்காகத் தோட்டத்தை விற்ற தந்தையர் இச்சபையிலும் இருக்கக்கூடும்.

கூட்டத்தின் பெயரைக் காப்பது மட்டும் குலமுறை ஆகாது. பெண்ணைத் தந்த வீட்டை மதிப்பதும் அதன் பகுதியே. ஆதலின், “எம் மகனுக்கு வரதட்சணை கேளோம்” என்று பிள்ளைகளைப் பெற்றோர் இன்றே உறுதிகொள்வீர்களாக. கொடுப்பவரைக் குறை கூறுவதினும் கேட்பவர் நிறுத்துவதே முறை.