உழவு இயந்திரத்தில் தீ மூளாது காத்தல்



சூடடிக்கும் களத்தில் உழவு இயந்திரம் தீப்பற்றுமாயின், இயந்திரம் மட்டுமன்று, ஒரு போகத்து நெல்லும் வைக்கோலும் சேர்ந்தே அழிந்துபோகும். இத்தீ பெரும்பாலும் நாம் கவனியாது விட்ட சிறு பழுதிலிருந்தே பிறக்கின்றது.

வேலை செய்யும் இயந்திரத்தின் புகைபோக்கிக் குழாய் மிகக் கடுமையாகச் சூடேறும். அதன்மேற் படியும் வைக்கோற் கூளம் எளிதிற் பற்றிக்கொள்ளும். ஆதலால் இயந்திரம் ஆறியிருக்கையில் கூளத்தை நாடோறும் அகற்றிவிடுங்கள். டீசற் குழாயிற் கசிவு கண்டால் அன்றே மாற்றுங்கள். மின்கம்பியின் உறை தேய்ந்து இரும்பிற் பட்டாற் பொறி பறக்கும். அதனைத் திருத்துமுன் பற்றரியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுதல் வேண்டும்.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் பெற்றோலோ இன்னும் கொடியது. பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை விடும். அவ்வாவி காற்றினும் கனமானதாகையால் நிலத்தையொட்டிப் பரவும். எனவே இயந்திரம் சூடாயிருக்கையில் பெற்றோல் ஊற்றாதீர்கள். அருகிற் சுருட்டும் வேண்டாம்.

எண்ணெய்த் தீயில் நீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீயாயின் மணலால் மூடுங்கள். மின்சார வாகனங்களின் இலிதியம் மின்கலத் தீயோ அணைந்தபின்னும் மீண்டும் மூளக்கூடியது; அதனை நெருங்காது தீயணைப்புப் படையினரை அழையுங்கள்.

நாளைக் காலை இயந்திரத்தை இயக்குமுன் கூளம், குழாய், கம்பி ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.