வெட்டியதும் விட்டதும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், நோட்டும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளைய நண்பர்களுக்கும், வடை எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சிறுகதைப் பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "வெட்டு, சுருக்கு." நானும் சொல்வேன். ஆனால் எதை வெட்டுவது, அதை யார் முடிவு செய்வது? அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஒரு தாய் மகனுடைய பிறந்தநாளுக்கு பேக்கரியில் கேக் சொல்லிவைக்கிறாள். பிறந்தநாளன்று பையன்மேல் கார் மோதிவிடுகிறது. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கேக்கை வாங்க ஆள் வராத எரிச்சலில் பேக்கரிக்காரர் போன்மேல் போன் போடுகிறார். பையன் இறந்துபோகிறான். பெற்றவர்கள் நடுராத்திரியில் பேக்கரிக்கே சண்டைக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறார், நாற்காலி போடுகிறார், சூடான ரொட்டியை எடுத்துவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். விடியவிடியப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கார்வர் எழுதியது இது. அவருடைய பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வெட்டினார். குளிக்க வீட்டுக்கு வந்த தாய் போனை எடுக்கிறாள். அத்தோடு கதை சரி. பையன் பிழைத்தானா, தெரியாது. ரொட்டி போயே போச்சு. தலைப்பும் 'குளியல்' என்று மாறியது. இந்தக் கதை இடம்பெற்ற தொகுப்பு முழுக்க இதே கத்தரிதான். குடியை விட்டு மூன்று வருடமே ஆகியிருந்த கார்வர், புத்தகத்தை நிறுத்தச் சொல்லி 1980 ஜூலையில் லிஷுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நிற்கவில்லை. 1981இல் வெளிவந்து அவருக்குப் பெரும் பெயரும் வாங்கிக் கொடுத்தது!

லிஷை வில்லனாக்க எனக்கு மனமில்லை. 'குளியல்' படித்தால் அடிவயிறு கலங்கும், கைதேர்ந்த வேலை. ஆனால் கார்வர் அந்த ரொட்டிக்காகத்தான் கதையையே எழுதியிருந்தார். 1983இல் விரிவான வடிவத்தைத் தன் அடுத்த தொகுப்பில் சேர்த்தார். அதற்கு ஓ. ஹென்றி முதல் பரிசு கிடைத்தது.

நம் அசோகமித்திரனும் சொல்லாமல் விடுவதில் மன்னர்தான். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். 'புலிக் கலைஞன்' கதையில் ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வந்து புலியாகவே மாறிக் காட்டிய காதர் பிறகு என்ன ஆனான் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. அதை விட்டது அசோகமித்திரனே. அந்த ஸ்டுடியோ ஆட்களுக்கும் அது தெரியாது. லிஷ் மறைத்ததோ அந்தத் தாய்க்குத் தெரியவேண்டிய சங்கதி.

உங்கள் மேசைக்கு வருவோம். "கணவனை இழந்த அவள் தாங்கமுடியாத துயரத்தில் மூழ்கியிருந்தாள்." இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். 'தாங்கமுடியாத'வை அடித்தால் சரியாகுமா? ஆகாது, துயரம் இன்னும் கண்ணில் படவில்லை. எழுதிப் பாருங்கள்: "பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் கொடியில் கிடந்த அவன் சட்டையை மடித்தாள். பையில் ஒரு பஸ் டிக்கெட். எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே திரும்ப வைத்தாள்." ஒரு வரி மூன்றாகிவிட்டது. இதுவும் திருத்தம்தான் ஐயா! நாலாவதாக, "அவள் கண்களில் நீர் வழிந்தது" என்று கை தானாக எழுதும் பாருங்கள், கத்தரி அங்கே வேண்டும்.

வடை வந்துவிட்டது, பின்வரிசையில் சலசலப்பு தெரிகிறது. சாப்பிட்டுவிட்டு உங்கள் கதைகளோடு வட்டமாக உட்காருவோம். சிவப்புப் பேனா யாரும் கொண்டுவர வேண்டாம், பென்சில் போதும். அடித்ததில் பாதியை சாயங்காலத்துக்குள் திரும்பச் சேர்க்க வேண்டிவரும்.